மூன்று புள்ளியோடு உள்ளே, நான்கு புள்ளியோடு வெளியே: கால்பந்துக் குழுச் சுற்றின் கணக்கு

2016 யூரோ கோப்பையின் குழுச் சுற்றில் போர்ச்சுகல் எடுத்தது 3 புள்ளி. அடித்தது 4 கோல், வாங்கியது 4 கோல். 2019 ஆசியக் கோப்பையில் கிர்கிஸ்தானுக்கும் ஓமனுக்கும் அதே 3 புள்ளி, அதே 4 கோல், அதே 4 கோல். அந்தத் தொடரில் இந்தியா எடுத்ததும் 3 புள்ளிதான். அடித்தது 4, வாங்கியது 4. நான்கு அணிகளின் கணக்கும் அச்சு அசல் ஒன்றே. ஆனால் போர்ச்சுகல் கோப்பையையே வென்றது. கிர்கிஸ்தானும் ஓமனும் அடுத்த சுற்றுக்குப் போயின. இந்தியா குழுவில் கடைசி இடம் பிடித்து ஊர் திரும்பியது.

2024 யூரோவில் குழப்பம் இன்னும் அதிகம். உக்ரைன் 4 புள்ளி எடுத்தும் வெளியேறியது. ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத ஸ்லோவேனியா 3 புள்ளியோடு உள்ளே போனது. அன்று பலரும் கேட்ட கேள்வி: அதிகப் புள்ளி எடுத்தவன் வெளியே, குறைவாக எடுத்தவன் உள்ளே என்றால் இது என்ன கணக்கு?

கணக்கில் தவறு இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எல்லாருக்கும் சமமாக நடக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலில் அடிப்படையிலிருந்து வருவோம்.

## ஒரு குழுவில் மொத்தம் எத்தனை புள்ளி?

ஒரு குழுவில் நான்கு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஒருமுறை மோதும். ஆக ஆறு ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்; மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த நான்கு பேருக்கும் இடம் உண்டு.

இதற்குள்ளேயே எளிதில் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. வெற்றி தோல்வி தெரிந்த ஆட்டத்திலிருந்து குழுவுக்கு 3 புள்ளி கிடைக்கிறது. டிரா ஆன ஆட்டத்திலிருந்து 2 புள்ளிதான். அதனால் குழுவின் மொத்தப் புள்ளி நிலையானது அல்ல. எல்லா ஆட்டமும் டிரா ஆனால் 12, ஒன்றுகூட டிரா ஆகாவிட்டால் 18. அந்தப் புள்ளிகள் எப்படிப் பிரிகின்றன என்பதைப் பொறுத்தே ஓர் அணியின் இடம் அமைகிறது.

2024 யூரோவின் சி குழுவில் ஆறில் ஐந்து ஆட்டங்கள் டிரா. மொத்தம் 13 புள்ளிதான்: இங்கிலாந்து 5, டென்மார்க் 3, ஸ்லோவேனியா 3, செர்பியா 2. அங்கே 3 புள்ளியே மூன்றாம் இடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அதே தொடரின் இ குழுவில் இரண்டே டிரா. மொத்தம் 16 புள்ளி. அதை நான்கு அணிகளும் ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டன: ருமேனியா 4, பெல்ஜியம் 4, ஸ்லோவாக்கியா 4, உக்ரைன் 4. நான்கு பேரும் சமம் என்றாலும் ஒருவர் கடைசியாகத்தானே இருக்க வேண்டும்? முதல் ஆட்டத்தில் ருமேனியாவிடம் 0–3 என்று தோற்றிருந்த உக்ரைனுக்குக் கோல் வித்தியாசம் மைனஸ் 2. அந்த ஒரு தோல்வியின் அளவுதான் அதைக் கீழே தள்ளியது. கடைசி இடத்துக்கு எத்தனை புள்ளி இருந்தாலும் கதவு கிடையாது.

ஆக, புள்ளியைவிட இடம்தான் முக்கியம். இந்தியாவுக்கு 2019-இல் நடந்ததும் இதுவே.

## மூன்றாம் இடத்துக்கு ஏன் வாய்ப்பு?

நாக்-அவுட் என்றால் தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. இது சிக்கலில்லாமல் நடக்க 16, 8, 4, 2 என்று பாதி பாதியாகக் குறையும் எண்ணிக்கை வேண்டும். 16 அணிகள் ஆடும் தொடரில் நான்கு குழுக்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் எட்டுப் பேர். 32 அணிகள் என்றால் எட்டுக் குழுக்கள், பதினாறு பேர். இரண்டிலும் மீதியில்லாத கணக்கு.

24 அணிகள் என்றால் ஆறு குழுக்கள். முதல் இரண்டு இடங்களை எடுத்தால் 12 பேர்தான் வருகிறார்கள். 12-ஐப் பாதியாக்கினால் 6, அதைப் பாதியாக்கினால் 3, அதற்கு மேல் போக முடியாது. அதனால் இன்னும் நான்கு பேரைச் சேர்த்து 16 ஆக்குகிறார்கள். அந்த நான்கு பேர், மூன்றாம் இடம் பிடித்த ஆறு அணிகளில் சிறந்தவை. 1986 முதல் 1994 வரை உலகக் கோப்பை இப்படித்தான் நடந்தது. யூரோ 2016-இலும், ஆசியக் கோப்பையும் ஆப்பிரிக்கக் கோப்பையும் 2019-இலும் 24 அணிகளுக்கு மாறின.

இதன் விளைவு: குழுச் சுற்றில் 36 ஆட்டங்கள் ஆடி வெளியேற்றுவது வெறும் 8 அணிகளை. மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போய்விடுகிறது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி நான்கு இடங்களைத் தீர்மானிக்கும்போது ஒருவரோடு ஒருவர் ஆடவே ஆடாத அணிகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது. வெவ்வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒரே மதிப்பெண் பட்டியலில் வைப்பது போன்றது அது. சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

## சமமானால் யார் மேலே?

ஒரே குழுவில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால், ஆசியக் கோப்பையில் பார்க்கும் வரிசை சுருக்கமாக இது:

1. அந்த இரு அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் யார் வென்றது? இதுதான் நேருக்கு நேர் விதி. மூன்று அணிகள் சமம் என்றால் அந்த மூன்றுக்கு இடையிலான ஆட்டங்களை மட்டும் வைத்து ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள்.
2. அதிலும் சமம் என்றால், குழுவின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்துக் கோல் வித்தியாசம். அதாவது அடித்த கோல் கழித்தல் வாங்கிய கோல்.
3. பிறகு மொத்தம் அடித்த கோல்.
4. பிறகு நன்னடத்தைக் கணக்கு: ஒரு மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழியும், சிவப்புக்கு அதைவிட அதிகம்.
5. எதிலும் தீராவிட்டால் சீட்டுக் குலுக்கல்.

யூரோவிலும் ஆப்பிரிக்கக் கோப்பையிலும் நேருக்கு நேர்தான் முதலில் வருகிறது. முதல் இரண்டு படிகளை இடம் மாற்றினால் அணிகளின் இடமும் மாறிவிடும். 2019-இல் இந்தியா இருந்த ஏ குழுவையே எடுத்துக்கொள்வோம். தாய்லாந்தும் பஹ்ரைனும் 4 புள்ளியில் முடித்தன. பஹ்ரைனின் கோல் வித்தியாசம் பூஜ்யம். தாய்லாந்துக்கு மைனஸ் 2. கோல் வித்தியாசத்தை முதலில் பார்த்திருந்தால் பஹ்ரைன்தான் இரண்டாம் இடம். ஆனால் அவை மோதிய ஆட்டத்தில் தாய்லாந்து 1–0 என்று வென்றிருந்தது. அதனால் தாய்லாந்து இரண்டாவது, பஹ்ரைன் மூன்றாவது.

எந்த வரிசை நல்லது? இரண்டுக்கும் நியாயம் உண்டு. நேருக்கு நேர் ஆடி வென்றவன் மேலே இருப்பதுதான் முறை என்பது ஒரு பக்கம். கடைசி நிமிடம் வரை ஒவ்வொரு கோலுக்கும் மதிப்பு இருக்கட்டும் என்பது இன்னொரு பக்கம். என் சாய்வு இரண்டாவது பக்கம். நேருக்கு நேர் விதியால் சில அணிகளின் இடம் இரண்டாவது ஆட்டத்திலேயே உறுதியாகிவிடுகிறது. அப்புறம் மூன்றாவது ஆட்டத்தை அவை முழு பலத்தோடு ஆட வேண்டிய அவசியமே இல்லை. அதன் பாதிப்பு அடுத்த குழுவில் இருப்பவர் தலையில் விழுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

## ஷார்ஜாவில் ஒரே ஒரு கோல்

2019 ஜனவரி 6. அபுதாபியில் தாய்லாந்தை இந்தியா 4–1 என்று வென்றது. சுனில் சேத்ரி இரண்டு கோல், அனிருத் தாபாவும் ஜேஜே லால்பெக்லுவாவும் ஆளுக்கு ஒன்று. அடுத்து அமீரகத்திடம் 0–2 தோல்வி. கடைசிச் சுற்றுக்கு முன் நிலவரம்: அமீரகம் 4, இந்தியா 3, தாய்லாந்து 3, பஹ்ரைன் 1.

ஜனவரி 14 அன்று இந்தியா ஷார்ஜாவில் பஹ்ரைனோடு ஆடியது. அதே நேரத்தில் அல் ஐனில் அமீரகமும் தாய்லாந்தும் மோதின. அந்த ஆட்டம் 1–1 என்று முடிந்தது. ஷார்ஜாவில் 90 நிமிடம் வரை 0–0. அந்த நிலையில் இரண்டு ஆட்டங்களும் முடிந்திருந்தால் பட்டியல் இப்படி இருந்திருக்கும்: அமீரகம் 5, இந்தியா 4, தாய்லாந்து 4, பஹ்ரைன் 2. இந்தியாவும் தாய்லாந்தும் சமம் என்பதால் நேருக்கு நேர் பார்ப்பார்கள். 4–1 வெற்றி இந்தியாவுக்கு. ஆக இந்தியா இரண்டாம் இடம். மூன்றாம் இடக் கணக்கு, மற்ற குழு, காத்திருப்பு என்று எதுவும் இல்லாமல் நேராக நாக்-அவுட்.

90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்க்கும் கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் பஹ்ரைனுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. ஜமால் ராஷித் அதைக் கோலாக்கினார். பஹ்ரைன் 2-இலிருந்து 4 புள்ளிக்குப் போனது. இந்தியா 4-இலிருந்து 3-க்கு இறங்கியது. இரண்டாம் இடத்திலிருந்த அணி மூன்றாம் இடத்தில்கூட நிற்காமல் நேராக நான்காம் இடத்துக்கு விழுந்தது. அந்த ஒரு கோல் இரண்டு படி சறுக்கவைத்ததற்குக் காரணம், மேலே மூன்று அணிகளும் 4, 4, 5 என்று நெருக்கமாக நின்றதுதான்.

மூன்றாவதாக முடித்திருந்தாலே போதும். 3 புள்ளி, 4–4 என்ற அதே கணக்கோடு கிர்கிஸ்தானும் ஓமனும் உள்ளே போனதைப் பார்த்தோம். வேறொரு குழுவில் இருந்திருந்தால் இந்தியா எடுத்த புள்ளி நாக்-அவுட்டுக்குப் போதும். இந்திய ரசிகர்களுக்கு இது இன்றும் உறுத்துவதில் வியப்பில்லை.

## மூன்றாம் இடக்காரர்களை எப்படி ஒப்பிடுகிறார்கள்?

வெவ்வேறு குழு அணிகள் தங்களுக்குள் ஆடுவதில்லை. அதனால் இங்கே நேருக்கு நேர் விதிக்கு வேலை இல்லை. முதலில் புள்ளி, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல், பிறகு அட்டைக் கணக்கு. குழுவுக்குள் பின்வரிசையில் இருந்த கோல் வித்தியாசம் இங்கே முன்னால் வந்துவிடுகிறது. அதாவது ஒரே தொடரில் இரண்டு விதமான அளவுகோல். முதல் இரண்டு இடத்துக்குப் போட்டியிடும் அணிக்கு நேருக்கு நேர் முக்கியம். மூன்றாம் இடத்துக்கு வரக்கூடிய அணிக்கு ஒவ்வொரு கோலும் முக்கியம். களத்தில் இருக்கும் அணிக்கு இரண்டில் எது தன் கணக்கு என்றே கடைசி வரை தெரியாமல் போகலாம்.

2019 ஆசியக் கோப்பையின் கடைசி இரண்டு நாட்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஜனவரி 16 அன்று வியட்நாம் ஏமனை 2–0 என்று வென்றது. 3 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 5, கோல் வித்தியாசம் மைனஸ் 1. அவர்கள் வேலை முடிந்துவிட்டது. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

ஜனவரி 17 அன்று ஓமன் துர்க்மெனிஸ்தானோடு ஆடியது. 90 நிமிடம் முடியும்போது ஓமன் 2–1 என்று முன்னிலை. அப்படியே முடிந்தால் ஓமனுக்கும் மைனஸ் 1. ஆனால் அடித்த கோல் 3 மட்டுமே, அதனால் வியட்நாமுக்குக் கீழே. கூடுதல் நேரத்தில் மூன்றாவது கோல் விழுந்தது. ஓமனின் கணக்கு 4–4 ஆனது, வியட்நாமைத் தாண்டிப் போனது.

அதே நாள் லெபனான் வட கொரியாவோடு மோதியது. கத்தாரிடமும் சவூதி அரேபியாவிடமும் 0–2, 0–2 என்று தோற்றிருந்ததால் லெபனானின் கோல் வித்தியாசம் மைனஸ் 4. வியட்நாமின் கணக்கு முந்தைய நாளே தெரிந்துவிட்டதால் என்ன வேண்டும் என்பது தெளிவு: நான்கு கோல் வித்தியாசத்தில் வெற்றி, அல்லது 5–2 போல மூன்று கோல் வித்தியாசத்தில் ஐந்து கோலாவது அடிக்க வேண்டும். முதல் கோலை அடித்தது வட கொரியா. அதன் பிறகு லெபனான் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்து, கூடுதல் நேரத்தில் நான்காவதையும் போட்டது. 4–1.

இப்போது லெபனான்: 3 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 5. வியட்நாம்: 3 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 5. எல்லாம் சமம். அடுத்தது அட்டைக் கணக்கு. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து வியட்நாம் வாங்கியது 5 மஞ்சள் அட்டை, லெபனான் 7. இரண்டே மஞ்சள் அட்டையில் லெபனான் வெளியேறியது. வியட்நாம் அடுத்த சுற்றில் ஜோர்டானைப் பெனால்ட்டியில் வென்று காலிறுதி வரை போனது.

ஓமனின் அந்தக் கூடுதல் நேரக் கோல் விழாமல் இருந்திருந்தால் வியட்நாம், லெபனான் இரண்டுமே உள்ளே போயிருக்கும். லெபனானின் விதி, அது ஆடாத ஓர் ஆட்டத்தில் பாதி எழுதப்பட்டுவிட்டது.

## காத்திருப்பவரும் தெரிந்துகொண்டு ஆடுபவரும்

ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே ஆடி முடித்திருந்தது. மறுநாள் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒரு கோலோ இரண்டு கோலோ வித்தியாசத்தில் வென்றால் இரண்டுமே உள்ளே, அல்ஜீரியா வெளியே. ஜெர்மனி ஆரம்பத்திலேயே ஒரு கோல் அடித்தது. அதன் பிறகு இரு அணிகளும் பந்தை உருட்டிக்கொண்டே நேரத்தைப் போக்கின. 1–0. அல்ஜீரியா வெளியேறியது. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கின.

அந்த ஓட்டையை அடைத்தது குழுவுக்குள் மட்டும்தான். மூன்றாம் இடக்காரர்களைக் குழு தாண்டி ஒப்பிடும்போது அதே ஓட்டை மறுபடி திறக்கிறது. ஏ குழு முடித்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் எஃப் குழு முடிக்கிறது. முன்னால் ஆடுபவருக்கு இலக்கு தெரியாது. பின்னால் ஆடுபவருக்கு எத்தனை புள்ளி, எத்தனை கோல் என்று கையில் கணக்கு இருக்கும்.

2024 யூரோவில் ஏ குழுவின் ஹங்கேரி, ஜூன் 23 அன்று ஸ்காட்லாந்தைக் கூடுதல் நேரத்தின் பத்தாவது நிமிடத்தில் அடித்த கோலால் வென்றது. 3 புள்ளி, கோல் வித்தியாசம் மைனஸ் 3. பிறகு மூன்று நாள் காத்திருப்பு. ஜூன் 26 அன்று எஃப் குழுவில் போர்ச்சுகலும் ஜார்ஜியாவும் மோதின. அதே நேரத்தில் ஆடிய செக் குடியரசு துருக்கியை வெல்லாமல், ஜார்ஜியாவும் வெல்லாமல் போனால் ஹங்கேரி உள்ளே. போர்ச்சுகல் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று 6 புள்ளியில் இருந்தது. அடுத்து நின்ற துருக்கிக்கு 3 புள்ளி. துருக்கி 6-ஐத் தொட்டாலும் நேருக்கு நேர் ஆட்டத்தில் போர்ச்சுகல் ஏற்கெனவே வென்றுவிட்டது. அதாவது முதலிடம் உறுதி. போர்ச்சுகல் வழக்கமான ஆட்டக்காரர்களில் பலரை ஓய்வுக்கு விட்டு ஆடியது. பெரிய தொடர் ஒன்றில் முதன்முறையாக ஆடிய ஜார்ஜியா 2–0 என்று வென்றது. ஹங்கேரி வெளியேறியது.

போர்ச்சுகல் விதியை மீறவில்லை. ஓய்வு கொடுப்பது அந்த அணியின் உரிமை. ஜார்ஜியாவின் வெற்றியும் உழைத்துப் பெற்றது. ஆனால் நேருக்கு நேர் விதியால் ஓர் அணிக்கு அந்த ஆட்டம் பொருளற்றதாகி, அந்தப் பொருளற்ற ஆட்டம் வேறு குழுவில் இருக்கும் இன்னோர் அணியின் வாழ்வைத் தீர்மானித்தது. இதை நியாயமான அமைப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

## ஐவரி கோஸ்ட்: வெளியே போனவர்கள் கோப்பையோடு

காத்திருப்பு சாதகமாகவும் முடியலாம். 2023 ஆப்பிரிக்கக் கோப்பை (நடந்தது 2024 ஜனவரி, பிப்ரவரியில்) ஐவரி கோஸ்ட்டில் நடந்தது. ஜனவரி 22 அன்று சொந்த மண்ணில் எகுவடோரியல் கினியிடம் 0–4 என்று தோற்றது அந்த அணி. 3 புள்ளி, மைனஸ் 3. உள்ளே போவதற்கு இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டியிருந்தது. இரண்டும் அவர்கள் கையில் இல்லை.

1. பி குழுவின் மூன்றாம் இடக்காரர் அவர்களைத் தாண்டக் கூடாது. அதே நாள் இரவு கானா 90 நிமிடம் வரை மொசாம்பிக்கை 2–0 என்று முந்தியிருந்தது. கூடுதல் நேரத்தில் மொசாம்பிக் இரண்டு கோல் அடித்து 2–2 ஆக்கியது. கானா 2 புள்ளியோடு நின்றது. கானா வென்றிருந்தால் 4 புள்ளி ஆகியிருக்கும். அந்தக் குழுவில் மூன்றாவதாக வரும் அணி எதுவானாலும் ஐவரி கோஸ்ட்டுக்கு மேலே நின்றிருக்கும்.
2. எஃப் குழுவில் ஜாம்பியா, மொராக்கோவோடு டிராகூடச் செய்யக் கூடாது. ஜனவரி 24 அன்று ஹக்கிம் ஜியெச் அடித்த ஒரே கோலில் மொராக்கோ 1–0 என்று வென்றது. டிரா ஆகியிருந்தாலே ஜாம்பியாவுக்கு 3 புள்ளி, கோல் வித்தியாசம் பூஜ்யம்.

இடைப்பட்ட நேரத்தில் பயிற்சியாளர் ஜான்-லூயி காஸே பதவியிலிருந்து விலக்கப்பட்டார். எமெர்ஸ் ஃபாயே பொறுப்பேற்றார். சிறந்த மூன்றாம் இடக்காரர்களில் கடைசி ஆளாக உள்ளே வந்த ஐவரி கோஸ்ட், செனகலைப் பெனால்ட்டியில், மாலியைக் கூடுதல் ஆட்ட நேரத்தில் (சமநிலை முறிய ஆடும் 30 நிமிடம்), காங்கோ ஜனநாயகக் குடியரசை 1–0 என்று தாண்டி, பிப்ரவரி 11 அன்று நைஜீரியாவை 2–1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது.

## எத்தனை புள்ளி இருந்தால் நிம்மதி?

2016, 2020, 2024 யூரோ, 2019, 2023 ஆசியக் கோப்பை, 2023 ஆப்பிரிக்கக் கோப்பை ஆகிய ஆறு தொடர்களை எடுத்துக்கொண்டால் மூன்றாம் இடம் பிடித்தவை மொத்தம் 36 அணிகள். அவற்றைப் புள்ளிவாரியாகப் பிரித்தால்:

1. 4 புள்ளியோடு மூன்றாவதாக முடித்தவை 14. அத்தனையும் உள்ளே.
2. 3 புள்ளியோடு முடித்தவை 16. உள்ளே 10, வெளியே 6.
3. 2 புள்ளியோடு முடித்தவை 6. அத்தனையும் வெளியே.

அதாவது மூன்றாம் இடத்தில் 4 புள்ளி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 2 என்றால் பெரும்பாலும் பெட்டி கட்டலாம். இழுபறி எல்லாம் 3 புள்ளியில்தான். அங்கே 0–1 என்று தோற்பதற்கும் 0–3 என்று தோற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வலுவான அணியிடம் தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகும் சிறிய அணிகள் கடைசி பத்து நிமிடம் உயிரைக் கொடுத்துத் தடுத்து ஆடுவது இதற்காகத்தான்.

ஆனாலும் கோல் வித்தியாசம் மைனஸ் 3 என்றாலும் தப்பலாம். ஐவரி கோஸ்ட்டைப் போலவே 2023 ஆசியக் கோப்பையில் இந்தோனேசியாவும் 3 புள்ளி, மைனஸ் 3 என்று முடித்துவிட்டு மறுநாள் வரை காத்திருந்தது. கிர்கிஸ்தான் ஓமனை 1–1 என்று தடுத்து நிறுத்தியதால் ஓமன் 2 புள்ளியோடு நின்றது. இந்தோனேசியா முதன்முறையாக நாக்-அவுட்டுக்குப் போனது. அதே தொடரில் மூன்றாவதாக முடித்த ஜோர்டான் இறுதிப் போட்டி வரை போனது.

## முதலிடம் பிடித்தால் லாபமா?

எப்போதும் இல்லை. மூன்றாம் இடக்காரர்கள் நான்கே பேர். குழு முதல்வர்கள் ஆறு பேர். அதனால் நான்கு முதல்வர்களுக்கு மூன்றாம் இடக்காரரோடு ஆட்டம், இரண்டு முதல்வர்களுக்கு இரண்டாம் இடக்காரரோடு ஆட்டம். ஆசியக் கோப்பையில் அந்த இரண்டு பேர் இ, எஃப் குழுக்களின் முதல்வர்கள்.

2023 தொடரில் இராக்கிடம் தோற்ற ஜப்பான் டி குழுவில் இரண்டாவதாக முடித்தது. டி குழுவின் இரண்டாவது அணியோடு மோத வேண்டியது இ குழுவின் முதல்வர். தென் கொரியாவை முந்தி அந்தக் குழுவில் முதலிடம் பிடித்த பஹ்ரைனுக்குக் கிடைத்த பரிசு ஜப்பான். 1–3 என்று தோற்று வெளியேறியது.

எந்த நான்கு குழுக்களிலிருந்து மூன்றாம் இடக்காரர்கள் வருகிறார்கள் என்பதற்கு 15 வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் யார் யாரோடு மோதுவது என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டுவைத்திருப்பார்கள். ஆகவே மூன்றாம் இடக்காரரை எதிர்கொள்ள வேண்டிய முதல்வருக்கு, எதிரணி எது என்பது எல்லாக் குழுவும் முடியும் வரை தெரியாது.

## மாற்ற முடியுமா?

16 அணிகளுக்குத் திரும்பினால் சிக்கல் எல்லாம் ஒரே நாளில் தீரும். ஆனால் அதன் விலையைச் சிறிய நாடுகள்தான் கொடுக்க வேண்டும். 2019-இல் முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு வந்த கிர்கிஸ்தான் நாக்-அவுட்டுக்குப் போனது. அமீரகத்தைக் கூடுதல் ஆட்ட நேரம் வரை இழுத்து 2–3 என்றுதான் தோற்றது. 2023-இல் முதன்முறை வந்த தஜிகிஸ்தான் காலிறுதி ஆடியது. இவர்களுக்குக் கதவைச் சாத்துவதை நான் விரும்பவில்லை. 32 என்று விரித்தால் கணக்கு சரியாக வரும்; ஆட்டங்கள் ஒருதலையாகப் போய்விடும்.

24-ஐ வைத்துக்கொண்டே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, குழுவுக்குள்ளும் கோல் வித்தியாசத்தை முதல் அளவுகோலாக்குவது. அப்போது ஒரே தொடரில் இரண்டு அளவுகோல் இருக்காது. இரண்டு ஆட்டத்திலேயே முதலிடம் உறுதியாகும் வாய்ப்பும் குறையும். இரண்டு, கடைசிச் சுற்று ஆட்டங்களை நான்கு நாளுக்கு நீட்டாமல் இரண்டு நாளுக்குள் முடிப்பது. ஒரே நேரத்தில் நான்கு, ஆறு ஆட்டங்கள் ஓடினால் தொலைக்காட்சிக்கு நஷ்டம். அதனால் நடத்துபவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதலாவது அப்படியல்ல, விதிப் புத்தகத்தில் இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும்.

48 அணிகள் ஆடும் உலகக் கோப்பையில் இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகிறது. 12 குழுக்கள், முதல் இரண்டு இடக்காரர்கள் 24 பேர், 12 மூன்றாம் இடக்காரர்களில் 8 பேர் உள்ளே. எந்த எட்டுக் குழுக்களிலிருந்து அவர்கள் வருவார்கள் என்பதற்கு 495 வாய்ப்புகள். ஏ குழுவில் 3 புள்ளியோடு ஆடி முடித்த அணி அங்கே இன்னும் பதினொரு குழுக்களின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும்.